ஊதுலைக்குச் செம்பு மூக்கு வச்சவன் மடையனா?

கல்லடியான்:
நேற்று இன்னொரு திரியில ஒரு பெரிய மனிசர் எழுதியிருந்தார்: "இரும்பு உருக்கிற ஊதுலைக்குள்ள காத்து ஊதுற மூக்கைச் செம்பில செய்யிறது மடத்தனம். செம்பு 1085 பாகையில உருகும். எங்கட பழைய ஆக்கள் களிமண்ணில செய்தாங்கள், அதுதான் நிண்டு பிடிக்கும்." ஆரெண்டு சொல்லத் தேவையில்ல. ஐயா, அது ரெண்டு சுவர் வச்ச மூக்கு. இடையில தண்ணி பாய்ஞ்சு ஓடும். செம்புக்கு ஏறுற சூட்டை அது அப்பிடியே அள்ளிக்கொண்டு போயிரும்.

துருத்தி:
பேரைச் சொல்லி எழுது தம்பி, பயமா? தண்ணி ஓடட்டும், மட்டக்களப்பு வாவியே ஓடட்டும். செம்பு 1085இல உருகுமா, உருகாதா?

கல்லடியான்:
அந்தச் சூட்டுக்கு வந்தா உருகும். வரவிடாமத்தான் தண்ணி. ஊதுற காத்தே 1100, 1200 பாகை. மூக்குக்கு முன்னால கோக், அதுதான் சுட்டெடுத்த நிலக்கரி, எரியிற இடம் 2000ஐத் தாண்டும்.

துருத்தி:
காத்தே 1085க்கு மேல! உன்ர வாயாலயே சொல்லிட்டாய். காத்தைக் காய்ச்சி ஊதச் சொன்னவன் ஆர்?

கல்லடியான்:
ஸ்கொட்லாந்துக்காரன் நீல்சன், 1828இல. எரிபொருள் மிச்சம் எண்டு உலகமே பின்னால போனது. நீங்க மட்டும் போகல்ல.

துருத்தி:
பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில 7ஆம் நூற்றாண்டிலயிருந்து 11ஆம் நூற்றாண்டு வரைக்கும் இரும்பு உருக்கினாங்கள். மலை விளிம்பில, மேற்குப் பாத்த உலை. நாம கச்சான் எண்டு திட்டுற அதே பருவக்காத்து, அங்க துருத்தியே இல்லாம உலையை ஊதினது. தொல்லியல் ஆய்வாளர் கில் ஜூலெஃப் தோண்டி, அதே மாதிரி உலை கட்டி உருக்கியும் காட்டி, 1996இல நேச்சர் இதழில எழுதினா. மூக்கு என்னத்தில? மண்ணில. தண்ணிக் குழாய் பூட்டினாங்களா?

அக்கரைப்பற்றுக் காக்கா:
அந்த உலையிட முன்சுவரை மூக்கோட சேத்து ஒவ்வொரு உருக்குக்கும் உடைச்சிட்டுத் திரும்பக் கட்டினவங்க. இதத்தானா நிண்டு பிடிக்கிற எண்டு சொல்றீங்க?

துருத்தி:
உடைச்சது இரும்பை வெளிய எடுக்க. மூக்கு பழுதெண்டு இல்ல. வாசிச்சிட்டு வாங்க காக்கா.

அக்கரைப்பற்றுக் காக்கா:
வாசிச்சுத்தான் வந்திரிக்கன். பழைய உலைக் களங்கள்ள பொறுக்கிற மண்மூக்குத் துண்டுகளப் பாருங்க, நுனி கண்ணாடியா உருகி ஈக்கும். மண்ணும் உருகுது.

துருத்தி:
1085இலயா உருகினது? அதச் சொல்லுங்க.

வாவிக்கரை:
இவர்ர சொல்லைக் கேட்டுத்தான் அலுமினியம் சுத்தின மோட்டர் வாங்கினன். வயலுக்குத் தண்ணி இறைக்கப் போய் கருகிப் போச்சு. அப்பவும் செம்பு வேணாமெண்டவர்தான்.

துருத்தி:
விடிய விடிய ஓடவிட்டா எந்த மோட்டரும் கருகும். உன்ர வேளாண்மைக் கதையை இஞ்ச கொண்டு வராத.

கல்லடியான்:
மோட்டரை விடுங்க. செம்பு மூக்கு சாகிறது 1085ஆல இல்ல. உருகின இரும்பு நுனியில சொட்டும். அந்த இடத்தில உள்தண்ணி கொதிச்சு ஆவிப்படலம் பிடிக்கும், ஆவி சூட்டைக் கடத்தாது, ஓட்டை விழும். தண்ணி உலைக்குள்ள ஒழுகினா பெரிய கரைச்சல். காத்தை நிப்பாட்டித்தான் மூக்கை மாத்தலாம். கூடவே ஊதுற நிலக்கரித் தூளும் உள்பக்கத்தை அராவும். நுனிக்குக் கடினப் பூச்சுப் போடுறதும், தண்ணியை இன்னும் வேகமா ஓட்டுறதும் இதுக்குத்தான். அப்பிடியும் செம்பை விடமாட்டாங்கள். செம்பு சூடு கடத்துறது 400 எண்டா சாதா உருக்கு 50, மண் 1 அளவுதான். பெரிய உலையில 30, 40 மூக்கு இருக்கு, எல்லாம் செம்பு. எல்லாரும் மடையனா?

துருத்தி:
ஓட்டை விழும் எண்டு ஒத்துக்கொண்டாய். போதும்.

கல்லடியான்:
நான் எங்க ஒத்துக்கொண்டன்?

துருத்தி:
மேல எழுதியிருக்கு. எனக்குக் கம்மாலையில நரைச்ச தலை தம்பி. சிரட்டைக்கரியில கத்தி அடிச்ச கையால சொல்றன், 1085.

அக்கரைப்பற்றுக் காக்கா:
கத்தி அடிக்கிறதும் ஊதுலையும் ஒண்டா? அது சரி, காரைதீவுத் திரியில கேட்ட கேள்விக்கும் இவர் இன்னும் மறுமொழி தரல்ல.

துருத்தி:
அதில நீங்கதான் ஓடினீங்க.

வாவிக்கரை:
மோட்டர்க் காசு?