கூட்டரசு மார்ஷல்: கலைச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

ந.க. எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம். பள்ளி நூலகங்களுக்கான சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்துவந்த வில்லியம் பிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் நடந்து சென்றதுதான் கதை. அவளைச் சூழ்ந்து நடந்த நால்வரும் அமெரிக்க அரசின் துணை மார்ஷல்கள். நார்மன் ராக்வெல் வரைந்து 1964-இல் வெளியான ஓவியத்தில் அவர்களுடைய மஞ்சள் கைப்பட்டையில் பதவிப் பெயர் தெளிவாகத் தெரியும். எங்கள் நூலின் படத்திலும் அந்தப் பட்டை உண்டு. அதில் தமிழில் என்ன எழுதுவது? 'போலீஸ்' என்று எழுத எனக்கு மனமில்லை. வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொன்ன நீதிமன்றத் தீர்ப்பை லூசியானா மாநில அரசு எதிர்த்து நின்றதால்தான் வாஷிங்டன் இவர்களை அனுப்பியது. படிக்கிற குழந்தைக்கு அந்த வேறுபாடு தெரியவேண்டும்.

கு.வே. எழுதியது:

அன்புள்ள ந.க., சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். மார்ஷல் என்பது பழைய ஜெர்மானிய மொழிகளில் குதிரையைக் குறிக்கும் சொல்லும் ஏவலாளைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது. லாயத்தில் குதிரை பார்த்தவன் மெல்ல மெல்ல அரண்மனை அதிகாரியாகிப் படைத்தலைவன் ஆனான். கான்ஸ்டபிளும் அப்படியே, இலத்தீனில் அவன் லாயத்துக்குத் தலைவன். ஐரோப்பாவின் சட்டம் ஒழுங்கு முழுவதும் குதிரை லாயத்திலிருந்துதான் வெளிவந்திருக்கிறது.

நமக்கும் இது புதிதல்ல. திருவாதவூரருக்காக ஈசனே குதிரைச் சேவகனாக மதுரைக்கு வந்தார். அருணகிரியார் முருகனை மயிலேறும் இராவுத்தன் என்கிறார். இராவுத்தன் என்றால் குதிரை வீரன். 'மா' என்பது குதிரைக்கும் பெயர். எனவே 'மாவாளர்' என்று ஆக்கலாம். வேர்ப்பொருளும் நிற்கும், 'மார்ஷல்' என்ற ஒலியும் தொட்டுக்கொள்ளும்.

ந.க. எழுதியது:

ஐயா, 'மாவாளர்' என்றால் பத்து வயதுப் பிள்ளை மாவு அரைப்பவர் என்றுதான் படிக்கும். அந்த நால்வரும் ரூபியைக் காரில் அழைத்துவந்து நடந்தே உள்ளே கூட்டிப்போனார்கள். குதிரை எங்கும் இல்லை.

அ.ர. எழுதியது:

வணக்கம். நீதிமன்றத்தில் நாற்பது ஆண்டுக்காலம் வாழ்ந்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வேர்ச்சொல்லை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். 1789 செப்டம்பர் 24 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட நீதித்துறைச் சட்டம்தான் இந்தப் பதவியைப் படைத்தது. அமெரிக்க அரசின் நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் கட்டளைகளை நிறைவேற்றுவதே இவர்கள் கடமை. மாவட்டத்துக்கு ஒருவர், நான்காண்டுப் பதவிக்காலம், குடியரசுத் தலைவர் நியமிப்பார், அவருக்குக் கீழே துணை மார்ஷல்கள். சம்மன் சேர்ப்பது, கைது செய்வது, கைதியைக் கொண்டுவந்து நிறுத்துவது, ஜப்தி செய்வது எல்லாம் இவர்கள் வேலை. பணியில் உயிரிழந்த முதல் மார்ஷல் ராபர்ட் போர்சைத், 1794-இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் ஒரு சிவில் வழக்கின் ஆணையைச் சேர்க்கப்போன இடத்தில்தான் சுடப்பட்டார். கொள்ளைக்காரனைத் துரத்தும்போது அல்ல.

இந்த வேலைகளுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார்: அமீனா. 'அமீனா வந்துவிட்டான்' என்றால் தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் விளக்கம் தேவையில்லை.

யா.சி. எழுதியது:

யாழ்ப்பாணத்தில் அமீனா என்றால் ஒருவருக்கும் விளங்காது. எங்கள் நீதிமன்றங்களில் அந்த வேலைக்கு 'பிஸ்கல்' என்ற பெயர், ஒல்லாந்தர் விட்டுப்போனது. அமீனா அரபு வழி வந்த சொல், பிஸ்கல் இலத்தீன் வழி வந்த சொல். கடன் சொல்லைத்தான் எடுப்பதென்றால் மார்ஷலையே எடுக்கலாமே. மேலும் அமீனா என்ற சொல்லில் சிறுமையும் அச்சமும் கலந்திருக்கின்றன. ஒரு குழந்தையைக் கூட்டத்தின் வசையிலிருந்து காத்தவர்களுக்கு அது பொருந்தவில்லை.

செ.ம. எழுதியது:

கிள்ளானிலிருந்து வணக்கம். 'பெடரல்' என்பதற்குக் 'கூட்டாட்சி', 'நடுவண்', 'ஒன்றியம்' என்று தமிழ்நாட்டில் இழுபறி நடக்கிறது. மலேசியாவில் நாங்கள் நெடுங்காலமாகக் 'கூட்டரசு' என்றே எழுதுகிறோம், கூட்டரசுப் பிரதேசம் என்பதுபோல. முற்பாதியாவது இதோடு முடியட்டும்.

பிற்பாதிக்கு 'நீதிமன்றக் காவலர்' எப்படி?

அ.ர. எழுதியது:

முற்பாதி சரி. பிற்பாதி கூடவே கூடாது. 'பதினைந்து நாள் நீதிமன்றக் காவலில் வைக்க உத்தரவு' என்று தினமும் செய்தித்தாளில் வருகிறது. நீதிமன்றக் காவலர் என்றால் அந்தக் காவலில் இருப்பவரா, வைப்பவரா? 'அவைக்காவலர்' என்பதும் போய்விட்டது. சட்டமன்ற உறுப்பினர்களைத் தூக்கி வெளியேற்றுகிற மார்ஷல்களுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 'ஏவலர்' என்றால் வேலைக்காரர், பில்லி ஏவல் நினைவும் வரும். 'தீர்ப்பு நிறைவேற்றுநர்' என்றால் தூக்குமேடை கண்முன் வரும்.

என் பரிந்துரை 'ஆணைக்காவலர்'. நீதிமன்றத்தின் ஆணையைக் காப்பவர். நியூ ஆர்லியன்ஸில் பள்ளிகளைத் திறந்துவிட ஆணையிட்டவர் நீதிபதி ஸ்கெல்லி ரைட். அந்த ஆணை தாளிலேயே கிடந்திருக்கும், அந்த நால்வர் நடந்திராவிட்டால்.

கு.வே. எழுதியது:

ஆணைக்காவலர் அழகிய ஆக்கம், மறுக்கவில்லை. ஆனால் ஆணையைக் காப்பது எப்போதும் அறத்தைக் காப்பதாகுமா? சிலம்பில் பாண்டியன் ஊர்காப்பாளரைத்தான் கூவி அழைக்கிறான். அவர்களும் ஆணையைத்தான் காத்தார்கள். கோவலன் வெட்டுண்டான்.

1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். தப்பிவந்த அடிமையைப் பிடித்துக்கொடுக்கும் கடமை மார்ஷல்கள் தலையில் விழுந்தது. மறுத்தால் ஆயிரம் டாலர் தண்டம். 1854-இல் பாஸ்டன் நகரமே தெருவில் திரண்டு எதிர்க்க, அந்தோணி பேர்ன்ஸை வர்ஜீனியாவின் அடிமைத்தளைக்குத் திருப்பி அனுப்பியவர்களும் இதே பதவியினர்தாம். ரூபியின் கையைப் பிடித்த பதவியும் பேர்ன்ஸின் கையில் விலங்கிட்ட பதவியும் ஒன்றே. புகழ்ச்சி ஏறிய சொல்லை அந்தப் பட்டையில் எழுதினால் பாதி வரலாறு மறைந்துபோகும்.

யா.சி. எழுதியது:

கு.வே. ஐயா சொன்னது என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது. அந்தப் பதவியின் மற்றப் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் 1877-இல் தலைநகர் வாஷிங்டனுக்கே மார்ஷலாக நியமிக்கப்பட்டார். அடிமையாகப் பிறந்த இன்னொருவர், பாஸ் ரீவ்ஸ், ஆர்கன்சாவின் போர்ட் ஸ்மித் நீதிமன்றத்திலிருந்து 1875 முதல் துணை மார்ஷலாகப் புறப்பட்டுச் செவ்விந்தியர் நிலப்பகுதி முழுவதும் குதிரையில் அலைந்தார். கு.வே. ஐயாவின் குதிரை அங்கே நிற்கிறது.

வேறொன்றும் உண்டு. 1790 தொடங்கி 1870 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்புக் கணக்கெடுத்ததும் மார்ஷல்கள்தாம். 1896 வரை பலருக்குச் சம்பளமே இல்லை. சேர்த்த ஆணைக்கும் பிடித்த ஆளுக்கும் இவ்வளவு என்று கட்டணம்தான். கணக்கெடுத்தவர், கைது செய்தவர், இன்று சாட்சிகளுக்குப் புதுப்பெயர் கொடுத்து மறைத்துக் காப்பவர் எல்லாரையும் ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் அடைக்க முடியுமென்று நான் நம்பவில்லை. பதவிப் பெயரை அப்படியே விடுவோம்.

அ.ர. எழுதியது:

அந்த வாதத்தை ஏற்றால் 'ஆட்சியர்' என்ற சொல் பிறந்தே இருக்காது. கலெக்டர் வரி தண்டினார், நீதி வழங்கினார், இன்று தேர்தல் நடத்துகிறார். எந்த ஒரு வேலையும் அந்தப் பெயருக்குள் அடங்கவில்லை. ஆனாலும் தமிழ்நாடு ஆட்சியர் என்று சொல்லப் பழகிக்கொண்டது. புழங்கப் புழங்கத்தான் சொல்லில் பொருள் நிறையும். 'மார்ஷல்' என்று எழுதினால் பீல்டு மார்ஷல் மானெக்ஷாதான் நினைவுக்கு வருவார். ரூபியை இராணுவம் கூட்டிப்போனது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பிழையான பொருள் தரும் கடன் சொல்லைவிடப் புதிய தமிழ்ச் சொல் தாழ்வில்லை.

செ.ம. எழுதியது:

எழுத்து ஒன்றும் பாக்கி: 'மார்ஷல்' என்பதா, 'மார்சல்' என்பதா? எங்கள் பள்ளிகளில் ஷ எழுத்தைத் தவிர்க்கச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

கு.வே. எழுதியது:

மார்சல் என்று எழுதினால் ஒலி தேய்ந்துபோகும். இராமாயணத்தில் விபீஷணனை வீடணன் ஆக்கிய கம்பனுக்குத் துணிவு இருந்தது. அவர் வழியில் போனால் 'மார்டல்' என்றல்லவா எழுதவேண்டும்? வடசொல்லின் ஷகரம் டகரமாவதைப் பற்றிப் நன்னூலில் பவணந்தியார் சொல்வதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ந.க. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன். இதுவரை எழுதியவர்களுள் கடன் சொல்லே போதும் என்பவர்கள் கூடுதல். கதையில் 'கூட்டரசு மார்ஷல்' என்று எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்திலேயே, 'அமெரிக்க அரசின் நீதிமன்றங்கள் இடும் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரி' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கைப்பட்டையில் 'துணை மார்ஷல்' மட்டும், இடம் அவ்வளவுதான். 1854-இல் பாஸ்டனில் நடந்ததைப் பின்னிணைப்பில் ஒரு பத்தியாகச் சேர்க்கப் பதிப்பாசிரியர் ஒப்புக்கொண்டார். அது கு.வே. ஐயாவால் வந்தது.

அ.ர. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் தொகுத்துவரும் சட்டச் சொற்பட்டியலில் 'ஆணைக்காவலர்' என்றே சேர்க்கப்போகிறேன். வரிசையின் அடுத்த நூல், மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் மெரிடித் பற்றியது என்று முன்பே சொன்னீர்கள். அவர் சேருவதை எதிர்த்து 1962 செப்டம்பர் 30 இரவு அங்கே வெடித்த கலவரத்தில் 160-க்கும் மேற்பட்ட மார்ஷல்கள் காயமடைந்தார்கள். அதன் பிறகு இராணுவமும் உள்ளே வந்தது. மார்ஷல்களும் படைவீரர்களும் ஒரே பக்கத்தில் வரும்போது 'மார்ஷல்' என்று எழுதிவிட்டு, இவர்கள் இராணுவத்தார் அல்லர் என்பதை எப்படிக் காட்டப்போகிறீர்கள்? அந்த நூலின் வரைவு வரும்போது இந்த இழையை மீண்டும் தொடங்குவேன்.