மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: தூரமும் பறக்கும் நேரமும்

திருமங்கலம் வாசகர் கேட்கிறார்:
அனைவருக்கும் வணக்கம். சான் பிரான்சிஸ்கோவில் வசிக்கும் மகள் வீட்டுக்கு வரும் ஜனவரியில் நானும் என் மனைவியும் செல்லவிருக்கிறோம். டில்லி வழியாகவும் சிங்கப்பூர் வழியாகவும் பயணச்சீட்டு கிடைக்கிறது. அமெரிக்கா மேற்கே இருக்க, வடக்கேயோ கிழக்கேயோ போவது சுற்றுவழி ஆகாதா? மேலும், டில்லியில் ஏறும் நேரத்துக்கும் அங்கே இறங்கும் நேரத்துக்கும் இரண்டு மணி நேரமே வித்தியாசம் காட்டுகிறது. திரும்பும்போதோ ஒரு நாளைத் தாண்டுகிறது. உண்மையில் எவ்வளவு நேரம் பறக்க வேண்டும்?

அண்ணா நகர் வாசகர்:
ஐயா, சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பேரப்பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால், மதுரைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடகிழக்கே ஏறி, ரஷ்யாவின் வடகிழக்குக் கோடி வழியே சென்று மறுபுறம் இறங்கும். அந்த நேர்வழி சுமார் 14,300 கி.மீ. மதுரை–டில்லி 2,100, டில்லி–சான் பிரான்சிஸ்கோ 12,400 என்று கூட்டினாலும் 14,500தான் வருகிறது. ஆக, டில்லி ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் வழி 16,600 கி.மீ. அளவுக்குப் போய்விடும்.

சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். ஜனவரியில் நாம் அவர்களைவிட 13.30 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். போகும்போது காட்டும் வித்தியாசத்தோடு அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். போக 15.30 மணி நேரம் என்று வரும்.

கோச்சடை வாசகர்:
மேலே சொன்ன கணக்கு சரி; ஆனால் தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தனது டில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் 13,900 கி.மீட்டரிலிருந்து 15,300 ஆகக் கூடியும், பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளியதே காரணம். குளிர்காலத்தில் அக்காற்று இன்னும் வலுவாக இருக்கும் என்பதால், கிழக்கு நோக்கிப் போகும் பயணம் ஜனவரியில் விரைவாகவே அமையும். திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்றாகிவிடும் என்பதால் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் வேறு பாதையைத் தேர்ந்தெடுக்கும்.

திருமங்கலம் வாசகர்:
மிக்க நன்றி. டில்லி வழியே எடுத்துவிடுகிறேன். அங்கே மாறுவதற்கு மூன்று மணி நேர இடைவெளி போதுமா?

அண்ணா நகர் வாசகர்:
ஜனவரியில் போதாது, ஐயா. டில்லியில் அதிகாலை மூடுபனியால் விமானங்கள் தாமதமாவது அந்த மாதத்தில் வழக்கம். முதல் நாள் மாலையே அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரண்டு பயணங்களையும் ஒரே சீட்டாக எடுத்தால், இணைப்பு விமானம் தவறினாலும் மாற்று இடம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும்.