நாலு மணிக்கு எழுந்து ஜெபித்தால்தான் விசுவாசியா?

நைட்ஷிப்ட்:
போன ஞாயிறு எங்கள் சபைப் பிரசங்கத்தில், அதிகாலை நாலு மணிக்கு எழுந்து தனி ஜெபம் பண்ணாதவர்களின் ஆவிக்குரிய வாழ்க்கை செத்த வாழ்க்கை என்றார்கள். நான் ஐசியூ நர்ஸ், மாதத்தில் பாதி நைட் டூட்டி. நாலு மணிக்குத்தான் காலை பரிசோதனைக்கு ரத்தம் எடுப்போம், படுக்கையில் இருப்பவர்களுக்கு ஸ்பாஞ்ச் கொடுப்போம். இதற்கிடையில் வென்டிலேட்டர் அலாரம் வேறு. நான் எந்த அறைக்குள் போய்க் கதவைப் பூட்டுவது? தனி ஜெபம் அவ்வளவு கட்டாயமா?

பழையசபை:
சிஸ்டர், சொன்ன விதம் கடுமைதான். அதற்காக விஷயத்தையே விட்டுவிடாதீர்கள். மாற்கு சுவிசேஷம் 1-ம் அதிகாரத்தில் சூரியன் அஸ்தமித்த பிறகு பட்டணமே வாசலில் வந்து நிற்கிறது. அத்தனை நோயாளிகளையும் பார்த்துவிட்டு, மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் ஆண்டவர். அவருக்கே தேவைப்பட்டது நமக்கு வேண்டாமா?

கரிசல்:
ஒருநாள் நடந்ததைச் சட்டமாக்காதீர்கள் ஐயா. ஆளுக்கொரு வேதாகமத்தோடு காலையில் தனியாக உட்காரும் வழக்கம் அச்சு வந்த பிறகு பரவியது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்ததே 1715-ல்தான். காலைத் தியானத்தை ஓர் இயக்கமாகவே பரப்பியவர்கள் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக் கல்லூரி மாணவர்கள், 'மார்னிங் வாட்ச்' என்ற பெயரில். அதற்கு முன்னால் சாதாரண ஜனங்கள் பெரும்பாலும் சபையாகக் கூடி, வாசிக்கக் கேட்டு, மனப்பாடம் செய்தார்கள். அவர்களும் விசுவாசிகள்தானே?

பழையசபை:
ஜெபத்துக்கு அச்சகம் எதற்குத் தம்பி? தானியேல் தினம் மூன்று வேளை மேலறையில் முழங்காற்படியிட்டான். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்ற கட்டளைப்பத்திரத்தில் ராஜா கையெழுத்து வைத்த அன்றும் வழக்கம்போலவே செய்தான். வழக்கம் இருந்ததால்தான் அந்த நாளில் தடுமாறவில்லை.

கரிசல்:
தானியேலுக்கு மேலறை இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு அடுப்படி, ஐந்து பேர். என் மனைவிக்குத் தனிமை கிடைப்பது குளியலறையில்தான், அங்கேயும் சின்னவன் கதவைத் தட்டுவான்.

மார்த்தாள்_கட்சி:
இதைத்தான் நானும் கேட்க இருந்தேன். எங்கள் வீட்டில் இவர் வேதாகமத்தைத் திறந்ததும் மிக்ஸி ஓடக்கூடாது. அவர் ஆமென் சொல்லி எழுந்திருப்பதற்குள் ஸ்கூல் வேன் தெருமுனைக்கு வந்துவிடும், டிபன் பாக்ஸில் சட்னி இல்லாத இட்லி போகும். ஆண்டவர் பாதத்தில் உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாளின் நல்ல பங்கைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணுகிற சபை ஐயர்மார் யாரும், வீட்டு வேலையில் தனியாகத் தவித்த அவள் அக்கா மார்த்தாளுக்குப் பாத்திரம் விளக்கிக் கொடுத்ததாகத் தெரியவில்லை! ஆனால் கரிசல் தம்பி, நான் உங்கள் பக்கமும் இல்லை. எனக்கு அந்த அரைமணி வேண்டும். காலையில் இவர் பிள்ளைகளைக் கிளப்பினால் நானும் போய் உட்காருவேன்.

பழையசபை:
நியாயமான பேச்சு. பிரித்துக்கொள்ளுங்கள். வேலையே ஜெபம் என்று முடித்துவிட வேண்டாம், அவ்வளவுதான். 'இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்' வசனத்தைச் சொல்லிச் சொல்லியே ஒருவேளைகூட முழங்காலிடாமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நைட்ஷிப்ட்:
மாற்கு 1 சொன்னீர்களே ஐயா, 6-ஐயும் பாருங்கள். ஆண்டவர் சீஷர்களைத் தனிமையில் இளைப்பாறக் கூட்டிப் போகிறார். ஜனங்கள் கால்நடையாய் ஓடி முந்திப் போய் நிற்கிறார்கள். அவர் எரிந்து விழவில்லை, மனதுருகி உபதேசித்தார், ஐயாயிரம் பேருக்கு அப்பமும் கொடுத்தார். ஆனால் அந்த நாளை அப்படியே விட்டுவிடவில்லை. எல்லாரையும் அனுப்பிவிட்டு ஜெபிக்க மலைக்குப் போனார், அதுவும் சாயங்காலத்தில். எனக்கு ஹேண்டோவர் கொடுத்து ஹாஸ்டல் போகக் காலை எட்டாகிவிடும். அப்போது உட்காருகிறேன். நாலு மணி என்று யாரும் இனி என்னிடம் சொல்ல வேண்டாம்.

பழையசபை:
எட்டு மணிக்குக் கண் சொருகுமே சிஸ்டர்?

நைட்ஷிப்ட்:
சொருகும். அதனால் சின்னதாக வைத்துக்கொள்வேன். 134-ம் சங்கீதம் இராக்காலத்தில் ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரருக்கு உள்ளது, எங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும்.

பழையசபை:
மூன்றே வசனம். ஆஃப் நாளிலாவது கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கரிசல்:
பாருங்கள், ஐயா மறுபடியும் அளவுகோலை எடுத்துவிட்டார்.