சுவருக்குள் இருக்கும் ஃபிளஷ் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் வழிகிறது

செங்காங்வாசி:
சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஃபிளஷ் தொட்டி சுவருக்குள் இருக்கிறது. இரண்டு வாரமாகக் கழிப்பறைக் கோப்பையின் பின்பக்கம் நூல் மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ராத்திரியில் அந்தச் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கமில்லை. ஒரு ஃபிளஷ்ஷுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று வரம்பு வைத்திருக்கும் ஊரில் இப்படி வீணாவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சுவர் ஓடுகளை உடைக்க வேண்டுமா?

பழைய குழாய்க்காரன்:
உடைக்கவே வேண்டாம் தம்பி. சுவரில் இருக்கும் ஃபிளஷ் பொத்தான் தகடுதான் வாசல், அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நடுக்குழாயின் (கூடுதல் தண்ணீர் கோப்பைக்குள் வழிந்தோடும் குழாய்) விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வழிந்தால், தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு சரியாக மூடவில்லை; மட்டம் அதற்குக் கீழே இருந்தும் கசிந்தால், கோப்பைக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் ஃபிளஷ் வால்வின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்தான். உள்ளே தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியில் இருக்கும் சின்ன அடைப்பானை மூடிவிட்டு ஃபிளஷ் வால்வை வெளியே எடுங்கள்.

யீஷூன் அக்கா:
பொத்தானின் தள்ளுகோல்களையும் பாருங்க, அவை நீளமாக இருந்தால் வால்வை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அதைக் கொஞ்சம் திருகிக் குறைத்ததுமே நின்றுவிட்டது.

செங்காங்வாசி:
அண்ணே, வாஷர்தான்! ஓரம் நெளிந்துபோய், தொட்டதும் விரலெல்லாம் கறுப்பாக ஒட்டியது. பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்கிப் போட்டேன். சாப்பாட்டு வண்ணம் நாலு சொட்டு தொட்டியில் விட்டு அரை மணி நேரம் பார்த்தேன், கோப்பையில் நிறம் இறங்கவில்லை. இருவருக்கும் ரொம்ப நன்றி.