உட்லண்ட்ஸ் புளோக்கின் கீழ்த்தளப் பூனைகள்: எல்லாவற்றுக்கும் வீடு தேட முடியுமா?

உட்லண்ட்ஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்கிலும் திரியும் பூனைகளுக்குப் பல ஆண்டுகளாக உணவு வைத்து வந்த சீன மூதாட்டி ஒருவர், சென்ற மாதம் வேறு பேட்டையில் இருக்கும் மகளின் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். போகும்போது எஞ்சியிருந்த உணவு மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பத்துப் பன்னிரண்டு பூனைகள் இருக்கலாம். சிலவற்றின் இடது காது நுனி நேராக வெட்டப்பட்டிருக்கிறது. சிலவற்றுக்கு அப்படி இல்லை. அவற்றுள் ஒரு பெட்டை, குப்பை அறைக்குப் பின்னால் குட்டிகளை வைத்திருக்கிறது. அருகில் போனால் சீறுகிறது.

நானும் அண்டைவீட்டுக்காரர் இருவரும் சேர்ந்து, எல்லாப் பூனைகளையும் பிடித்து நல்ல வீடுகளில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க இப்போது அனுமதி வந்துவிட்டதால் வீடு கிடைப்பது எளிதாகியிருக்கும் அல்லவா? வீடு கிடைக்காதவற்றைக் கிராஞ்சிப் பக்கம் உள்ள பண்ணைகளில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். இது சரியான வழியா, எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தோ பாயோ அக்கா

வணக்கம் தம்பி. பண்ணை யோசனையை முதலில் கைவிடுங்கள். பழகிய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பூனைக்குப் புது இடத்தில் உணவு எங்கே, ஒளிவிடம் எங்கே, நாய்கள் எங்கே என்று எதுவும் தெரியாது. பெரும்பாலும் அது பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுச் சாலையில் அடிபடும், அல்லது அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளிடம் கடிபடும். இங்கே காலியான இடத்துக்கோ, உணவும் குப்பையும் இருக்கும்வரை, கருத்தடை செய்யப்படாத வேறு பூனைகள் வந்து சேரும். தவிரவும், கைவிடப்பட்ட விலங்கைப் பற்றிச் சட்டம் கடுமையாக இருக்கிறது: வளர்ப்பு விலங்கைக் கைவிடுவோருக்கு முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம்.

எல்லாவற்றுக்கும் வீடு தேடுவது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போகக்கூடிய பூனை எது, கீழ்த்தளத்திலேயே நலமாக வாழக்கூடிய பூனை எது என்று பிரித்தறிவதுதான் உங்கள் முதல் வேலை. அதற்கு ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் உணவு வைத்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வாலை உயர்த்திக்கொண்டு வந்து காலில் உரசும் பூனை, மனிதர் மடியில் வளர்ந்து வெளியே விடப்பட்டதாக இருக்கலாம். அதற்கு வீடு தேடலாம். நீங்கள் எழுந்து போன பிறகே உணவுக்கு வரும் வளர்ந்த பூனையை நான்கு சுவருக்குள் அடைத்தால், அது கட்டிலுக்கு அடியில் ஒளிந்தே காலம் தள்ளும். அதற்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, கருத்தடை செய்து, அது வாழ்ந்த இடத்திலேயே திரும்ப விட்டு, தொடர்ந்து கவனிப்பது.

காது நுனி வெட்டப்பட்டவை ஏற்கெனவே கருத்தடை முடிந்தவை. மயக்க மருந்து கொடுத்திருக்கும்போதே நுனியை எடுத்துவிடுவார்கள். தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் அதே பூனையை மீண்டும் பிடித்து அலைக்கழிக்க வேண்டியதில்லை. காது முழுதாக இருப்பவற்றை மட்டும் ஒரு தாளில் நிறம், பால், அடையாளம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் பெட்டைகளை முதலில் பிடியுங்கள். நான்கைந்து மாதத்திலேயே பெட்டை சினையாகிவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகவும் அதனால் முடியும். ஒரேயொரு பெட்டையை விட்டுவைத்தாலும் உங்கள் உழைப்பு வீணாகும்.

பொறிக்கூண்டை நீங்கள் வாங்கத் தேவையில்லை. 1 செப்டம்பர் 2024 முதல் தேசியப் பூங்காக் கழகமே, பிடித்து, கருத்தடை செய்து, திரும்ப விட்டுக் கவனிக்கும் திட்டத்தை விலங்குநல அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது. 1999இல் தொடங்கப்பட்ட பூனை நலச் சங்கத்தையும் அணுகலாம். உங்கள் வட்டாரத்தில் பொறி வைக்கத் தெரிந்த தொண்டூழியர் யார் என்று அவர்கள் வழியாகத் தெரியவரும். வயதானவர்கள் இந்தத் திட்டத்தை ஏன் இவ்வளவு போற்றுகிறார்கள் என்று கேட்டால், 1998இல் இதே போன்ற ஒரு திட்டம் தொடங்கி, சார்ஸ் பரவிய 2003இல் கைவிடப்பட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆண்டு பிடிக்கப்பட்ட பூனைகள் திரும்பி வரவில்லை.

பிடிப்பதற்கு முந்தின இரவு உணவு வைக்காதீர்கள். பொறிக்குள் சூரைமீனோ மத்திமீனோ வைத்து, பூனை உள்ளே போய்க் கதவு விழுந்த மறுகணமே கூண்டைத் துணியால் முழுவதும் மூடிவிடுங்கள். இருள் சூழ்ந்ததும் அது அடங்கிவிடும். அறுவைக்குப் பிறகு கடுவனை ஒரு நாளும், பெட்டையை இரண்டு மூன்று நாளும் கூண்டில் வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் விடுங்கள்.

மூன்றாம் மாடிக்காரர்

மாறுபட்ட கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். நான் பூனைகளை வெறுப்பவன் அல்லன். ஆனால் வாசலில் கழற்றி வைத்த காலணியில் சிறுநீர் நாற்றம், நள்ளிரவில் குழந்தை அழுவதைப் போன்ற கத்தல், காரின் மேல் கால்தடம், படிக்கட்டில் காய்ந்த சோறு, அதைத் தின்ன வரும் புறாக்கள், எலிகள் என்று எல்லாவற்றையும் சகித்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். உணவு வைப்பவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பூனைகளைப் பிடித்து மறுபடியும் இங்கேயே விடுவது எங்களுக்கு எந்த வகையில் தீர்வு?

தோ பாயோ அக்கா

நியாயமான கேள்வி ஐயா. நீங்கள் சொன்ன நாற்றமும் கத்தலும் பெரும்பாலும் கருத்தடை செய்யப்படாத பூனைகளால் வருபவை. கடுவன் எல்லை குறிக்கப் பீச்சும் சிறுநீர்தான் அந்தக் கடும் நாற்றம். அறுவை முடிந்து சில வாரங்களில் அந்தப் பழக்கம் பெரும்பாலான கடுவன்களில் குறைந்துவிடும். இணை தேடும் கத்தலும் சண்டையும் ஓயும். பூனைகளைச் சும்மா அகற்றினால் புதிதாக வருபவை மறுபடியும் கத்தும்.

சோற்றைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் முழுவதும் ஏற்கிறேன். பூனைக்கு உணவு கொடுப்பது இங்கே குற்றமில்லை; மிச்சத்தைத் தரையில் விட்டுப் போவது குப்பை போடும் குற்றம். தண்ணீர்க் கிண்ணத்தையும் விட்டுப் போகக்கூடாது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டெங்கிக்கு யார் பொறுப்பு? அரை மணி நேரம் கூடவே இருந்து, உலர் உணவை அளந்து வைத்து, தின்று முடித்ததும் துடைத்து எடுத்துச் செல்ல முடியாதவர் உணவு வைக்காமல் இருப்பதே பூனைகளுக்கு நல்லது. பூனைகள் பிடித்துச் செல்லப்படுவதற்குப் பெரும்பாலும் அண்டைவீட்டாரின் புகார்தான் காரணம்.

பொங்கோல் வளர்ப்புத்தாய்

குட்டிகளைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். வீட்டுக்குப் போகும் வாய்ப்பு அவற்றுக்குத்தான் மிகுதி, காலக்கெடுவும் அவற்றுக்குத்தான். இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரைதான் பூனைக்குட்டி மனிதரை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளப் பழகும் பருவம். அதற்குப் பிறகும் இரண்டொரு மாதம் பொறுமையாக முயலலாம். நான்கு மாதம் தாண்டிய காட்டுக்குட்டியை மடிக்குக் கொண்டுவருவது அரிது.

வயதை எடையால் கணிக்கலாம். பிறக்கும்போது 100 கிராம் இருக்கும் குட்டி, வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூடும். கண் திறக்காத குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும் நேரத்தில் "அநாதைக் குட்டிகள்" என்று தூக்கிச் செல்வோர் செய்யும் தீங்கு கொஞ்சமன்று. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து ஒரே நாளில் நீர் வற்றிப்போகும். கடையில் கிடைக்கும் குட்டிகளுக்கான பால்மாவையே கொடுக்க வேண்டும். நான்கைந்து வாரத்தில் அவை ஈர உணவைத் தின்னத் தொடங்கியதும் ஒரு சிறிய அறையிலோ கூண்டிலோ வைத்து, கையில் உணவோடு மட்டுமே அவற்றிடம் செல்லுங்கள். முதல் நாள் சீறும், ஒரு வாரத்தில் விரலை நக்கும். எட்டு வாரமும் ஒரு கிலோ எடையும் ஆனதும் தடுப்பூசி, கருத்தடை இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு முடித்துவிட்டே வீட்டுக்கு அனுப்புங்கள். "பிறகு செய்துகொள்கிறோம்" என்ற வாக்குறுதியை நம்பி அனுப்பாதீர்கள்.

புதிய சட்டத்தால் வீடு கிடைப்பது எளிதாகியிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்கு ஆம். 1989இலிருந்து இருந்த தடை போய், இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். முன்பு ஒளித்து வைத்திருந்தவர்கள் இப்போது வெளிப்படையாகக் கேட்டு வருகிறார்கள். ஆனால் எண்ணிக்கை வரம்பு இருப்பதால், "எங்கள் வீட்டில் இன்னும் ஒன்று" என்று வாங்கிச் சென்ற பழைய நண்பர்கள் இனி வாங்க முடியாது.

தத்துக் கேட்பவரின் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். சன்னலில் வலை இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். வாசல் இரும்புக் கதவின் கம்பிகளுக்கு இடையே குட்டி நுழைந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழும் பூனைக்கு ஒன்பது உயிர் கிடையாது. வீட்டில் இருக்கும் அனைவரும், குறிப்பாகத் துப்புரவு செய்யப்போகிறவர், சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. குட்டியின் வால் குட்டையாகவோ முடிச்சு விழுந்ததாகவோ இருந்தால், யாரோ உடைத்துவிட்டார்கள் என்று தத்தெடுக்க வருபவர் பதறுவார். இந்த வட்டாரத்துப் பூனைகளில் அது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது என்று விளக்குங்கள். கறுப்புக் குட்டிக்கு நம்மவர் வீடுகளில் சகுனம் பார்ப்பார்கள்; அதற்கு மலாய்க் குடும்பங்களிடம் முதலில் கேட்டுப் பாருங்கள், என் கறுப்புக் குட்டிகள் பலவும் அங்கேதான் சுகமாக இருக்கின்றன.

உட்லண்ட்ஸ்வாசி

அனைவருக்கும் நன்றி. பண்ணை யோசனையைக் கைவிட்டுவிட்டோம். நேற்று மாலை உட்கார்ந்து பார்த்ததில், காது முழுதாக இருப்பவை நான்குதான் என்று தெரிந்தது. ஒரு மஞ்சள் கடுவன் தானாகவே வந்து மடியில் ஏறுகிறது. ஓர் ஐயம் மட்டும்: குட்டிகளை எடுத்துவிட்டால் தாய்ப்பூனையைப் பிடிப்பது கடினமாகிவிடாதா?

பொங்கோல் வளர்ப்புத்தாய்

ஆகும். அதனால் நான் சொல்லும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். குட்டிகள் ஈர உணவு தின்னும் வரை காத்திருந்து, முதலில் அவற்றைப் பிடித்து ஒரு சிறு கூண்டில் வையுங்கள். அந்தக் கூண்டைப் பொறியின் பின்பக்கமாக ஒட்டி வைத்து இரண்டையும் சேர்த்துத் துணியால் மூடினால், குட்டிகளின் குரலைக் கேட்டுத் தாய் பொறிக்குள் தானே வரும். வெயிலோ மழையோ படாத இடத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். மஞ்சள் கடுவனை மைக்ரோசிப் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிய பிறகு தத்துக்கு விளம்பரம் செய்யுங்கள், யாரோ தேடிக்கொண்டிருக்கலாம்.