'மோ இக்கனக்குச்சா': போகிறாளா, போகமாட்டாளா?

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய மொழி இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன், என்5 நிலை (ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலை). கேட்டல் பயிற்சியில் வந்த ஒரு வாக்கியம் புரியவில்லை. இரண்டு தோழிகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி மணி பார்த்துவிட்டு, "ஆ, மோ இக்கனக்குச்சா" என்று எழுந்துவிடுகிறாள்.

'மோ' என்றால் இப்போதே, 'இக்கு' என்றால் போவது, 'இக்கனாய்' என்றால் போகமாட்டேன். எதிர்மறையில் சொல்லிவிட்டு ஏன் கிளம்புகிறாள்? தேடிப் பார்த்ததில், 'இக்கனக்குத்தே வா நரனாய்' என்பதில் 'தே வா' இப்படி 'ச்சா' என்று சுருங்கி, 'நரனாய்' என்ற பின்பாதியும் விடுபட்டிருக்கிறது என்று போட்டிருந்தது. அப்படியென்றால் நாம் 'போகாமல் முடியாது' என்கிறோமே, அந்த மாதிரி 'போயே ஆகணும்' என்று எடுத்துக்கொள்ளலாமா?

அந்த 'ச்சா' இன்னும் குழப்புகிறது. 'தபேச்சத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். அங்கே சுருங்கியிருப்பது 'தே ஷிமத்தா'. ஒலி ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. சரிதானா?

அப்புறம், இப்படிப் பாதியில் நிறுத்திப் பேசுவதை அலுவலகத்தில் மேலதிகாரியிடம் சொல்லலாமா, அங்கே முழு வடிவம்தான் சரியா? ஜப்பானில் வேலை பார்ப்பவர்கள் யாராவது, நீங்கள் அன்றாடம் கேட்கும் இரண்டு வாக்கியங்களோடு விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.