லேப் சர்வரில் ஃபிங்கர், .பிளான்: எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்கு "நோ பிளான்" என்று வருகிறது

அரிசிலாறு கேட்டது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரி லேப். உபுண்டு 22.04 சர்வர் ஒன்று, மாணவர் மெஷின் 30, எல்லாம் எஸ்எஸ்எச் (வேறு மெஷினிலிருந்து லாகின் ஆகும் முறை) வழியாகச் சர்வருக்குள் வருகின்றன. துறைக் கண்காட்சிக்காக, பழைய கேம்பஸ் நெட்வொர்க்குகளில் மாணவர்கள் தங்கள் நிலவரத்தை .பிளான் கோப்பில் எழுதி வைக்க, மற்றவர்கள் ஃபிங்கர் என்ற கட்டளை போட்டுப் பார்த்துக்கொண்ட முறையை உயிரோடு ஓட்டிக் காட்ட வேண்டும். ஃபிங்கர், சர்வரில் அதற்குப் பதில் சொல்லும் ஃபிங்கர்டி இரண்டும் போட்டாயிற்று.

எழுதியவரே ஃபிங்கர் போட்டால் பிளான் வருகிறது, பக்கத்து மெஷினிலிருந்து போட்டால் "நோ பிளான்". பிள்ளைகள் தமிழில்தான் எழுதுவோம் என்கிறார்கள், அது திரையில் குப்பையாக வருகிறது. கரண்ட் போன பிறகும் வீட்டுக்குப் போனவர்கள் லாகினில் இருப்பதாகக் காட்டுகிறது. எங்கே பிடிப்பது?

குடமுருட்டி:

முதல் கோளாறு அனுமதிதான். நெட்வொர்க் வழியாக வரும் கேள்விக்குப் பதில் சொல்லும் ஃபிங்கர்டி "நோபடி" என்ற, தனி உரிமை ஏதுமில்லாத பயனராக ஓடுகிறது. அந்த நோபடி மாணவரின் வீட்டு டைரக்டரியைத் தாண்டிப் போய்க் கோப்பைப் படிக்க வேண்டும். உபுண்டு 21.04-இலிருந்து புதிய பயனரின் வீட்டு டைரக்டரி 750 அனுமதியோடு உருவாகிறது (உரியவர், குழு, வெளியாள் என ஆளுக்கு ஓர் இலக்கம்; படிக்க 4, எழுத 2, டைரக்டரிக்குள் நுழைய 1), வெளியாளுக்கு வாசலிலேயே தடை. கோப்பு இருந்தும் ஃபிங்கர் "இல்லை" என்று சொல்வது இதனால்தான்.

வீட்டு டைரக்டரிக்கு 711, .பிளானுக்கு 644. 711 என்றால் பெயர் தெரிந்த கோப்பை எட்டலாம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. 755 வேண்டாம். ஆனால் ஒன்று: 711 போட்ட பிறகு உள்ளே 644-இல் கிடக்கும் மற்ற கோப்புகளையும் பெயரை ஊகித்துப் படிக்கலாம். ரெக்கார்டு, அசைன்மென்ட் எல்லாவற்றையும் 700 அனுமதியுள்ள ஒரு துணை டைரக்டரிக்குள் தள்ளிவிடச் சொல்லுங்கள்.

"ஃபிங்கர்டியை ரூட் (எல்லா உரிமையும் உள்ள பயனர்) ஆக ஓட்டினால் அனுமதிப் பிரச்சினையே வராதே" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மாணவர் தன் .பிளானை, தனக்குப் படிக்க உரிமையில்லாத கோப்புக்குச் சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) ஆக்கிவைத்தால் போதும், ரூட் அதைப் படித்து ஊருக்கே காட்டிவிடும். பழைய ஃபிங்கர்டிகளில் தெரிந்த ஓட்டை இது.

அரிசிலாறு:

711 போட்டதும் 28 பேருக்கு வந்துவிட்டது, நன்றி சார். இரண்டு பேருக்கு மட்டும் இன்னும் "நோ பிளான்". அனுமதி சரியாகத்தான் இருக்கிறது.

குடமுருட்டி:

விண்டோஸ் நோட்பேடில் எழுதி ஏற்றியிருப்பார்கள். மறைந்த கோப்புகளையும் சேர்த்துப் பட்டியல் எடுங்கள், பெயர் .பிளான்.டிஎக்ஸ்டி என்று இருக்கும். பெயரை மாற்றுங்கள்.

வெண்ணாறு:

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். கோளாறு எழுத்துருவில் இல்லை. ஃபிங்கருக்கான நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 1288 (டிசம்பர் 1991) கிளையண்டுக்கு, அதாவது கேட்கும் பக்கத்து நிரலுக்குச் சொல்லும் அறிவுரை: 32 முதல் 126 வரையுள்ள ஆஸ்கி (ஆங்கிலத்துக்கான குறியீடு) எழுத்து, டேப், வரிமுடிவு, இவை போக மற்றதை வடிகட்டு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், அந்த மூன்றுமே 126-க்கு மேல். "காவிரி" என்று எழுதினால் க, கால், வ, மேல்விலங்கு, ர, மேல்விலங்கு என 6 குறி, 18 பைட். பதினெட்டில் ஒன்றுகூட வடிகட்டியைத் தாண்டாது.

அந்த வடிகட்டி வீண் வேலை இல்லை. .பிளானுக்குள் எஸ்கேப் எழுத்தை (27) வைத்தால் பார்ப்பவரின் திரையை அழிக்கலாம், டெர்மினலின் போக்கையே மாற்றலாம். ஆகவே மொத்தமாகத் தூக்காமல், தமிழை விட்டுக் கட்டுப்பாட்டு எழுத்தை மட்டும் வடிகட்ட வேண்டும். ஃபிங்கர்டியை நிறுத்திவிட்டு சிறு ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். ஃபிங்கரின் போர்ட் 79 என்பது 1024-க்குக் கீழே, திறக்க ரூட் வேண்டும். அதை சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை ஓட்டும் நிரல்) சாக்கெட் திறக்கட்டும், ஸ்கிரிப்ட் நோபடியாக ஓடட்டும்.

ஸ்கிரிப்ட் ஒரே ஒரு வரி படிக்க வேண்டும், அதிகபட்சம் 64 எழுத்து, 5 விநாடிக்குள் வராவிட்டால் மூடிவிட வேண்டும். இந்த 64 கறாராக இருக்கட்டும். 1988 நவம்பர் 2-இல் மோரிஸ் புழு (தானாகப் பரவும் நிரல்) பரவிய வழிகளில் ஒன்று ஃபிங்கர்டி. 512 பைட் பஃபர் (தற்காலிக நினைவிடம்) வைத்து, அளவு பார்க்காமல் வரியை வாங்கியது. புழு 536 பைட் அனுப்பி உள்ளே புகுந்தது.

கேள்வி சிஆர், எல்எஃப் என்ற இரண்டு வரிமுடிவு எழுத்தோடு முடியும். ஷெல் எல்எஃபை மட்டும் கழற்றும், சிஆர் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். "இப்படி ஒரு பயனர் இல்லை" என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். விரிவான பதில் கேட்கும் கிளையண்ட் பெயருக்கு முன்னால் "/டபிள்யூ" என்று சேர்த்து அனுப்பும், அதையும் கழற்றுங்கள். மிஞ்சுவதில் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், கோடு, அடிக்கோடு தவிர எது இருந்தாலும் மறுத்துவிடுங்கள். இரண்டு புள்ளியும் சாய்கோடும் உள்ளே போக விட்டால் வேறு டைரக்டரிக்கு ஏறிப்போவார்கள்.

கோப்பை வெளியே விடும்போது டிஆர் கட்டளையால் '\000-\010\013-\037\177' என்ற வீச்சை (எண்கள் எட்டடிமானத்தில்) நீக்குங்கள். டேப், வரிமுடிவு, தமிழ் மூன்றும் தங்கும். நோட்பேட் விட்ட சிஆரும் இதிலேயே போய்விடும்.

வரியை மடக்க ஃபோல்ட் கட்டளை போடாதீர்கள். பழைய பதிப்புகள் பைட்டை எண்ணுகின்றன. 72 என்று கொடுத்தால் 24 தமிழ்க் குறிதான், இடையில் ஒரு இடைவெளி வந்தாலே கணக்குத் தப்பி ஒரு எழுத்தின் நடுவில் வெட்டிவிடும்.

பார்க்கும் பக்கத்தில் ஃபிங்கர் கிளையண்டுக்குப் பதிலாக நெட்கேட் கட்டளையால் போர்ட் 79-க்குப் பெயரை அனுப்புங்கள், அது பைட்டைத் தொடாது. லினக்ஸின் வெறும் கன்சோல் திரையில் தமிழ் வராது (அதிகபட்சம் 512 வடிவம்தான் கொள்ளும், சேர்க்கையும் தெரியாது), வரைகலை டெர்மினல் திறக்க வேண்டும். "கொ" என்று எழுதிப் பாருங்கள். கொம்பு க-வுக்கு முன்னும் கால் பின்னும் நின்றால் அந்த டெர்மினல் உதவும்.

திருமலைராஜன்:

கரண்ட் விஷயம். சர்வர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, மாணவர் மெஷினுக்கு யுபிஎஸ் இல்லை, அப்படித்தானே? மெஷின் செத்தது சர்வருக்குத் தெரியாது, இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் இயல்பாக 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தட்டிப் பார்க்கும். எஸ்எஸ்எச் சர்வர் அமைப்பில் கிளையண்ட்அலைவ்இன்டர்வல் 60, கிளையண்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3 என்று வையுங்கள். 180 விநாடியில் செத்த லாகின் உதிர்ந்துவிடும்.

ஃபிங்கர் காட்டும் "ஐடில்" (சும்மா இருந்த) நேரத்தை வருகைப்பதிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெர்மினலை கடைசியாகத் தொட்ட நேரத்திலிருந்து கணக்கிடுவது அது. 40 நிமிடம் புத்தகம் பார்த்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பவரும் 40 நிமிடம் ஐடில்தான்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அசல் ஃபிங்கர் பாஸ்வேர்டு கோப்பிலுள்ள முழுப்பெயர், அறை எண், போன் நம்பர் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். பயனர் கணக்கு உருவாக்கும்போது மாணவிகளின் நம்பர் அதில் ஏறியிருந்தால் இன்றைக்கே காலி செய்யுங்கள். வெண்ணாறு சொன்ன ஸ்கிரிப்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் லாகின் உள்ளவர்கள் சர்வருக்குள்ளிருந்தே ஃபிங்கர் போடலாம்.

கண்காட்சிப் பலகைக்கு: ஃபிங்கரை 1971-இல் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் எழுதியவர் லெஸ் எர்னஸ்ட். லாகினில் இருப்போர் பட்டியலில் ஆட்கள் விரலால் தடவித் தேடுவதைப் பார்த்து அந்தப் பெயர் வைத்தார். ஆளைக் காணோமே என்று தேடி வருபவருக்கு எங்கே போனார், எப்படிப் பிடிப்பது என்று சொல்லத்தான் பிளான் கோப்பு. அதில் மனத்தில் பட்டதையெல்லாம் எழுதும் பழக்கம் பிறகு தானாக வளர்ந்தது.

பிளான் யாருக்கும் மணியடித்துச் சொல்லாது, தேடி வருபவர்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். எழுதி மூன்று வாரம் கழித்தும் அதே வரி நிற்கும், எப்போது எழுதியது என்பதையும் ஃபிங்கர் காட்டாது. ஆகவே முதல் வரியில் தேதி போடப் பழக்குங்கள். மாதிரிக்கு:

"ஜூன் 20. திருத்துறைப்பூண்டியில் இருக்கிறேன், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் வேலை. திங்கள் காலை லேப். நெட்வொர்க் ரெக்கார்டு மேஜை 14-இன் டிராயரில், எடுத்துக்கொள்ளலாம்."

எங்கே, எதற்கு, எப்போது திரும்புவேன், என்னிடம் உள்ளது எங்கே கிடைக்கும். தேடி வருபவருக்கு வேண்டியது இவ்வளவுதான். மறப்பவர்களுக்காக, ஸ்கிரிப்டிலேயே கோப்பைக் கடைசியாகத் திருத்திய தேதியை ஸ்டாட் கட்டளையால் எடுத்துப் பிளானுக்கு மேலே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்.

அரிசிலாறு:

அலைவ் அமைப்பு மாற்றியாயிற்று, மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்ததில் மூன்று நிமிடத்தில் 30 லாகினும் போய்விட்டன. ஸ்கிரிப்டில் சிஆர் விஷயத்திலேயே மாட்டி நின்றேன், வெண்ணாறு சொன்னபடி கழற்றியதும் தமிழ் சுத்தமாக வருகிறது. புராஜெக்ட் விவரம் எழுதும் .புராஜெக்ட் கோப்பையும் சேர்க்கலாமா?

வெண்ணாறு:

சேர்க்கலாம், அனுமதி அதே 644. பழைய ஃபிங்கர் அதில் முதல் வரியை மட்டும்தான் காட்டியது, உங்கள் ஸ்கிரிப்டிலும் அப்படியே வையுங்கள். புராஜெக்ட் தலைப்பும் பேட்ச் எண்ணும் அந்த ஒரே வரிக்குள் அடங்கட்டும்.